"போடுவேன்" என்று சொன்னேன்

"நீங்களா இருந்தா புகார் போடுவீங்களா சார்?" என்றுதான் கேட்டார். "போடுவேன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

காசு வாங்காமல் யோசனை சொல்பவன் நான். கேட்டவர், கோவை கணபதியில் மூன்று லேத் வைத்து பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். வேலை கொடுப்பது ஒரே பார்ட்டி. ஏழு மாதமாக நாலு லட்சத்துச் சொச்சம் பாக்கி. எண்ணெய் ஏறிய மஞ்சள் பையிலிருந்து சலான்களை எடுத்துத் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினார். வராத காசுக்கு மாசாமாசம் ஜிஎஸ்டி வேறு கட்டியிருந்தார். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தது. அந்த இலவசப் பதிவுக்கு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் அழுதது தனிக்கதை.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்ததில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி. அரசின் இணையதளத்தில் புகார் போட்டால், பாக்கித் தகராறைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்துப் பார்ட்டி கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும்.

"சட்டம் நம்ம பக்கந்தானுங்க சார். அடுத்த மாச வேலை?" என்றார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

புகார் போட்டார். சமரசப் பேச்சிலேயே அசல் வந்துவிட்டது, வட்டியை இவர் விட்டுக்கொடுத்தார். ஆர்டர் நின்றுபோனது. தீபாவளிக்குள் ஒரு லேத்தை விற்றுவிட்டார்.

நாலு லட்சம் கைக்கு வந்ததா இல்லையா? ஒரே பார்ட்டியை நம்பியிருந்த தொழில், என்றைக்கிருந்தாலும் படுத்திருக்கும். இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் அது போதுமானதாகவும் இருக்கிறது. மீதி நாளில், முப்பது வருட வங்கி வேலையில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனபோது எழுதிய மனு ஞாபகம் வரும். டிராயரிலேயே கிடந்து மஞ்சளாகிப்போனது அது. அந்த ஆள்தான் "போடுவேன்" என்றது.

காசு வாங்கிக்கொண்டு சொல்லும் ஆடிட்டராக இருந்தால், நாளைக்கும் அதே ஆள் வரவேண்டுமே என்று, "வேற பார்ட்டி இருக்கா?" என்று முதலில் கேட்டிருப்பாரோ என்னவோ. அன்றைய குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பில் நம்பர், தேதி, உத்யம் நம்பர் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி இல்லை.

போன புதன்கிழமை, லேத் விற்றவரே அனுப்பியதாக இன்னொருவர் வந்தார். பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க், இரண்டு வருட பாக்கி. வேற பார்ட்டி இருக்கா என்றேன். இல்லை என்றார். அப்ப கொஞ்சம் பொறுங்க, முதல்ல இன்னொரு பார்ட்டி பிடிங்க என்றேன்.

பில்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "நீங்க போடச் சொல்லுவீங்கன்னாருங்களே" என்றார்.