நியூ ஆர்லியன்ஸில் குடம் அடிப்பது யார்?

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் தி மீட்டர்ஸ் குழுவின் 'சிஸி ஸ்ட்ரட்' போட்டேன். மாமா கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பவர். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

"மக்ளே, இதுல குடம் அடிக்கது யாருடே?"

குடம் இல்லை மாமா, பாஸ் கிட்டார், ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர் என்றேன். ஆனால் அவர் காது சரியான இடத்தைத்தான் பிடித்திருந்தது.

தி மீட்டர்ஸ் 1965-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் உருவான குழு. தாளமே முன்னால் நிற்கிற ஃபங்க் இசை இவர்களுடையது. கீபோர்டு ஆர்ட் நெவில், கிட்டார் லியோ நொசென்டெல்லி, டிரம்ஸ் சிகபூ மாடலிஸ்ட், போர்ட்டரையும் சேர்த்து நாலே பேர். ஆலன் டூசான்ட் தயாரித்த பாட்டுகளில் லீ டார்சி, டாக்டர் ஜான் என்ற பாடகர்களுக்குப் பின்னால் வாசித்ததும் இவர்கள்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு ஊர்வலத்தில் போகும்போது பேண்ட் சோகமாக வாசிக்கும், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக மாறிவிடும், பின்னால் வருகிற கூட்டம் குடையும் கைக்குட்டையும் ஆட்டிக்கொண்டு ஆடும். செகண்ட் லைன் என்று சொல்வார்கள். தெருவில் பெரிய டிரம்மை ஒருவரும் சின்ன டிரம்மை இன்னொருவரும் அடிக்கிற அந்தத் தாளத்தை சிகபூ ஒற்றை ஆளாக ஒரு டிரம் செட்டில் கொண்டுவந்தார்.

1969-ல் வந்த இந்த 'சிஸி ஸ்ட்ரட்'டில் பாடகரே கிடையாது. முதலில் கிட்டாரும் பாஸும் ஒரே மெட்டில் சேர்ந்து நடக்கும், அப்புறம் பிரியும். மாமா அதை இரண்டாம் தடவையே பிடித்துவிட்டார். வெற்றிலைப் பெட்டி மேல் தட்டிப் பார்த்தார், முதலில் அடி மேலேயே அடி விழுந்தது, பிறகு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்து இடைவெளியில் ஒரே ஒரு 'தொம்'. எனக்குப் புல்லரித்துவிட்டது.

1977-ல் குழு கலைந்தது. அதற்குள் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்திருந்தார்கள். பின்னால் ஹிப் ஹாப்காரர்கள் இவர்களுடைய டிரம்ஸை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டுகள் செய்தார்கள், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழு 1985-ல் இவர்கள் பாட்டு ஒன்றை வரி மாற்றிப் பாடினார்கள். 2018-ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி வந்தது. இவ்வளவு இருந்தும் ஃபங்க் என்றால் நம்மாட்கள் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம்தான்.

அடுத்து 'லுக்-கா பை பை' போட்டேன். ஓடுகிற காரில் கெட்டுப்போன பிஸ்டன் போட்ட சத்தத்திலிருந்து பிறந்த பாட்டு என்று சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் கம்பி ஆடுகிற ஆட்டத்துக்கு அவரும் வழி நெடுக முழங்காலில் குடம் அடித்துக்கொண்டே போனதுண்டாம்.