38-இல் நின்றுபோன இணைய வேகம்

ஒரு சனிக்கிழமை இரவு ரூட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தேன். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்திருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது, அதைத் தள்ளிப்போட மனமில்லை. ஐந்தாறு நிமிட வேலைதான். விளக்குகள் அணைந்து எரிந்தன, வைஃபை திரும்ப வந்தது, தூங்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு அலுவலக மீட்டிங், மனைவி வீடியோ அழைப்பில். "மிஸ் பேசறது விட்டு விட்டு வருதுப்பா" என்று மகள் வந்து நின்றாள். என் பக்கமும் அதே கதைதான். எங்கள் பிளான் 200 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 200 மெகாபிட். மதியம் யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். 38 காட்டியது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். லைனில் குறையில்லை, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டேன், அதே 38. பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், பழைய பதிப்பை ஏற்க மாட்டேன் என்றது ரூட்டர். சரி, அமைப்புகளையெல்லாம் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவோம் என்று பின்பக்கத் துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். ரூட்டர் திரும்ப இயங்கத் தொடங்கியதும், என் அமைப்புகளை முன்பே சேமித்து வைத்திருந்த பேக்கப் ஃபைலை ஏற்றினேன். பாஸ்வேர்டு, சாதனங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் மறுபடி தட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்ற எண்ணம். இங்கேதான் ஒரு முழு நாள் வீணானது. நடுவில் ஒரு டெஸ்ட் போட்டிருந்தால் விஷயம் அப்போதே பிடிபட்டிருக்கும்.

இரவு அமைதியாக உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டே சோதித்தேன். ரூட்டருக்குப் பக்கத்தில் ஃபோனில் 38. அடுத்த அறையில் 37. லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் ரூட்டரோடு இணைத்தால் 38. பிறகு ரூட்டரை விலக்கிவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, இணைப்பின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதிலேயே கொடுத்துப் பார்த்தேன். 196 வந்தது. அப்படியானால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு ரூட்டருக்குள்.

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது இன்னொன்றும் உறைத்தது. வைஃபையில் இடைஞ்சல் இருந்தால் எண் ஏறும், இறங்கும். தூரம் போகப் போகக் குறையும். இங்கே கேபிளிலும் 38, காற்றிலும் 38. இப்படி ஒரே எண்ணில் நின்றால், யாரோ எங்கோ உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ரூட்டரின் அமைப்புகள் இருக்கும் 192.168.1.1 என்ற முகவரிக்குள் பிரவுசரில் போய் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். கியூஓஎஸ் என்ற பகுதி ஆன் ஆகியிருந்தது. அதில் டவுன்லோடு கட்டத்துக்குள் 40960. முதல் நாளும் இந்தப் பக்கத்தைக் கடந்துதான் போயிருந்தேன். எண் பெரிதாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அது கிலோபிட் கணக்கு. 1024-ஆல் வகுத்தால் சரியாக 40 எம்பிபிஎஸ்!

பழைய பிளான் 40 எம்பிபிஎஸ் ஆக இருந்த காலத்தில் நானே போட்ட எண் அது. கியூஓஎஸ் என்பது வீடியோ அழைப்பு போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் வசதி. லைனின் மொத்த வேகம் இவ்வளவு என்று நாம் சொன்னால், அதற்குள்தான் எல்லாவற்றையும் பங்கிடும். பிளான் மாறியபோது அதை ஆஃப் செய்தேனே தவிர, எண்ணை அழிக்கவில்லை. புதிய ஃபர்ம்வேர் அதைத் திரும்ப ஆன் செய்துவிட்டது. ரீசெட்டில் அழிந்ததை என் பேக்கப் ஃபைல் கொண்டுவந்து சேர்த்தது.

ஆஃப் செய்தேன். கேபிளில் 194. மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்று இருந்தது.

ஆனால் ஃபோனில் 95-ஐத் தாண்டவில்லை. முதல் கோளாறுக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது. லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரூட்டர் தரும் இரண்டு வைஃபை அலைவரிசைகளில் வேகமானதான 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து, இணைப்பு வேகம் என்ன என்று பார்த்தேன். 173 என்று இருந்தது. முன்பெல்லாம் அங்கே 866 இருக்கும். இரண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப்புக்கு, சேனல் அகலம், அதாவது வைஃபை பயன்படுத்தும் பாதையின் அகலம், 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 866, 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் 173. கையில் கிடைப்பது இதில் ஏறக்குறைய பாதிதான். போய்ப் பார்த்தால் அகலம் 20 என்றே இருந்தது. 80 ஆக்கினேன்.

சேமித்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலில் காணவில்லை. ஒரு நிமிடம் பதறிவிட்டேன். சேனலை ஆட்டோவில் விட்டிருந்ததால் ரூட்டர் 100-ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த வரிசையில் உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், பல நாடுகளில் ரூட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும். பெயர் திரும்ப வந்தாலும், அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று சேனலை 36-க்கு மாற்றினேன். அப்புறம் ஃபோனில் 188.

இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் அகலத்தை 20-லேயே விட்டுவிட்டேன். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், அகலத்தைக் கூட்டினால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு முட்டிக்கொள்ளும். பின்னறையில் அதுதான் எட்டுகிறது, வேகம் 45 வருகிறது. மகளின் வகுப்புக்கு அது போதும். பழைய பேக்கப் ஃபைலை அழித்துவிட்டு, இப்போதுள்ள அமைப்பைப் பக்கம் பக்கமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.