செயின் கழுவப் போன கதை

எங்கள் ஊர் தூத்துக்குடி. சைக்கிள் செயினுக்கு இதைவிட மோசமான ஊர் அமைவது கஷ்டம். விடுமுறை நாளில் முத்தையாபுரம் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் மிதித்தால் உப்பளத்துக் காற்று. வேலைக்குத் துறைமுகச் சாலையில் போனால் லாரிகளிலிருந்து பறக்கும் நிலக்கரித் தூள். இரண்டும் எண்ணெயோடு சேர்ந்து செயினில் கறுப்புப் பிசினாக அப்பிக்கொள்ளும். வெறும் அழுக்குதானே என்று ரொம்ப நாள் விட்டுவைத்தேன். அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல, ஒவ்வொரு மிதிக்கும் செயினின் பின்களை உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுவிவிடுவது என்று உட்கார்ந்தேன். பைக் டேங்கிலிருந்து அரை லிட்டர் பெட்ரோல் பிடித்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, செயினை அதில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன். இடம், அடுப்படிக்கு வெளியே இருக்கும் பின் வராந்தா. கதவு திறந்திருந்தது. பெட்ரோல் பட்டதும் பிசின் கரைந்து ஓடுவதைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

காபி போட அடுப்பைப் பற்றவைக்கப் போன அம்மா, நாற்றம் அடித்து லைட்டரோடு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, என்னல இது? வீட்டக் கொளுத்தப் போறியா?”

நான் சிரித்தேன். ராத்திரி உட்கார்ந்து படித்தபோது சிரிப்பு போய்விட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கிண்ணம் வராந்தாவில் இருந்தால் ஆவி அடுப்படிக்குள் இருக்கும். அது தீப்பிடிக்க வெயில்கூட வேண்டாம், சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு அந்த எல்லை ஏறக்குறைய 38 டிகிரி. சைக்கிள் கடைக்காரர்கள் காலங்காலமாக மண்ணெண்ணெயையே வைத்திருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை போல. ஆனால் ஒன்று, எங்கள் ஊர் மே மாத மத்தியானத்தில் 38 டிகிரி பெரிய விஷயமே இல்லை. அதனால் மண்ணெண்ணெய் என்றாலும் காலையில், திறந்த வெளியில், நெருப்பு இல்லாத பக்கம்தான்.

மறுநாள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போனேன். சின்ன வயதில் எங்கள் சைக்கிளை ஓவராயிலிங் பண்ணுகிறவர் அவர்தான். ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பால்ரஸ் குண்டுகளை அதில் உருட்டி எடுத்து, புது கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதிப்பார். இப்போது மண்ணெண்ணெய் எங்கே என்று கேட்டேன். எங்கள் ரேஷன் கார்டுக்கு நின்று வருஷக்கணக்காகிறது. “பெயின்ட் கடையில டர்பன்டைன் கேளு தம்பி. தின்னர் குடுத்தான்னா வேண்டாம்னுரு” என்றார். நல்ல யோசனை. டர்பன்டைன் ஏறக்குறைய மண்ணெண்ணெய் மாதிரிதான் நடந்துகொள்கிறது. தின்னர் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றும், அதோடு ஃப்ரேம் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

சரி, இரண்டாவது தடவை எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பின் சக்கரத்தைக் கழற்றித் தனியாக அறைக்குள் வைத்தேன். என்னுடையது டிஸ்க் பிரேக். செயின் கழுவும்போது தெறிக்கிற ஒரு துளி எண்ணெய் டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் பேடு அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கீச்சுச் சத்தம்தான் வரும், வண்டி நிற்காது. டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம், எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும்.

செயினைக் கழற்றுவது நினைத்ததைவிட எளிது. நம் கியர் சைக்கிள்களில் பலவற்றில் ஒரு குயிக் லிங்க், அதாவது செயினைப் பிரித்துச் சேர்க்கும் தனிக் கண்ணி, இருக்கும். அதற்கென்று தனிப் பிளையர் விற்கிறது. என்னிடம் இல்லை. லிங்க்கின் இரண்டு பக்கமும் பழைய பிரேக் கேபிளைச் சுற்றிச் சேர்த்து இழுத்ததில் டக்கென்று கழன்றது. என்னுடையது 8 கியர் செயின் என்பதால் அதே லிங்க்கைத் திரும்பப் போடலாம். 11, 12 கியர் செயின்களில் சில கம்பெனிகள் ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது என்கின்றன.

அகல வாய் ஊறுகாய் பாட்டிலில் செயினைப் போட்டு, மூழ்கும் அளவு டர்பன்டைன் ஊற்றி, மூடிக் குலுக்கினேன். ஐந்து நிமிஷம் குலுக்கல், பத்து நிமிஷம் ஊறல், மறுபடி குலுக்கல். முதல் சுற்றில் டிகாஷன் நிறம், மூன்றாம் சுற்றில் கட்டஞ்சாயா. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. கையில் நைட்ரைல் உறை. மெடிக்கலில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் உறையை முதலில் போட்டுப் பார்த்தேன், டர்பன்டைன் பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஊதிப்போய்க் கிழிந்தது. கண்ணாடி போடாதவர்கள் ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் முடி வளைந்து விடுபடும்போது துளி நேராக முகத்துக்குத்தான் வரும்.

டர்பன்டைனோடு வேலை முடிவதில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை. செயினின் உருளைகளுக்குள் அது கொஞ்சம் தங்கினாலும் பிறகு விடுகிற எண்ணெயைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். அதனால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு ஒரு குலுக்கல். பிறகு அலசல். இங்கேதான் எங்கள் ஊர் மறுபடி தன் வேலையைக் காட்டியது. போர் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தால் செயினில் ஆங்காங்கே மஞ்சள் துரு. உப்புத் தண்ணீர், எண்ணெய் இல்லாத இரும்பு, வேறென்ன நடக்கும்? இப்போதெல்லாம் கடைசி அலசல் கேன் தண்ணீரில். உடனே பழைய துண்டில் உருட்டித் துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் தொங்கவிட்டு, ஆறியதும் எண்ணெய்.

பின் சக்கரத்துப் பல்லடுக்கு, அதாவது கேசட், தனிக் கதை. அதற்கு முந்திய மாதம் அவசரத்துக்கு ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளை நிறுத்தி, கேசட்டைக் குறிவைத்துப் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லியிருந்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் பின் சக்கரம் கரகரவென்று பேச ஆரம்பித்தது. அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். “பால்ரஸ்ல தண்ணி போயிருக்கு.” கடைக்காரப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அடிக்கச் சொன்னவன் நான். கிரீஸ் இருக்க வேண்டிய இடங்களான சக்கர நடுவிலுள்ள ஹப், ஃப்ரீவீல், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கின் நடுவில் இருக்கும் பேரிங், இவற்றுக்குள் தண்ணீரும் போகக் கூடாது, டர்பன்டைனும் போகக் கூடாது. கேசட்டை முழுதாகக் கழுவ வேண்டுமென்றால் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுவதுதான் உத்தமம்.

அதற்கான சாமான்களை அண்ணாச்சி இரவல் கொடுத்தார். கழற்றியதும் சின்னப் பற்சக்கரங்கள் தனித்தனியாக, நடுவே வளையங்களோடு கையில் வந்தன. வரிசை மாறாமல் இருக்க ஒரு கட்டுக்கம்பியில் அப்படியே கோத்துவைத்தேன். கோத்த வரிசையிலேயே கழுவித் திரும்ப மாட்டலாம். உள்பக்கக் காடிகளில் ஒன்று மட்டும் அளவு வித்தியாசமாக இருப்பதால் தப்பான கோணத்தில் மாட்டவே முடியாது, அப்படி வடிவமைத்த புண்ணியவான் யாரோ. கழற்ற நேரம் இல்லாதபோது பழைய வேட்டிக் கரையைக் கிழித்து, டர்பன்டைனில் லேசாக நனைத்து, பல்லிடுக்குகளில் முன்னும் பின்னும் இழுக்கிறேன். அதுவே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

பின்னால் செயினை இழுத்துப் பிடிக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களில் மெழுகு மாதிரிக் கறுப்பு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்ட ஈர்க்குச்சியை மிஞ்சிய கருவி இல்லை. அவற்றைக் கழற்றினால் மேலது எது, கீழது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல.

பாத்ரூம் ஆசிட்டில் போட்டால் பளிச்சென்று ஆகுமே என்று ஒரு நண்பன் கேட்டான். ஆகும். ஆனால் கடினப்படுத்திய இரும்பு ஆசிட்டில் ஊறினால் நொறுங்கும் தன்மை வந்துவிடுகிறது. மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் செயின் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். காஸ்டிக் சோடா அலுமினிய கிராங்க்கை அரித்துக் கறுப்பாக்கிவிடும். இரண்டும் வேண்டாம்.

எண்ணெய் விடுவதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாக, உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிஷம் சுற்றி, ராத்திரி விட்டுவைத்து, காலையில் வெளிப்பக்கத்தை வறட்டுத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்கும்போது துணியைப் பற்சக்கரத்திலிருந்து தள்ளியே பிடியுங்கள். நான் நூல் பிரியும் காட்டன் வேஸ்ட்டைப் பிடித்திருந்தேன். நூல் பல்லில் மாட்டி, விரலையும் சேர்த்து இழுத்தது. நகம் கறுத்ததோடு போயிற்று. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது சீக்கிரமே பிசுக்காகிவிடும். கையில் ஒட்டிய கறுப்பைப் போக்க வேண்டுமானால் தேங்காய் எண்ணெயும் சீனியும் கலந்து தேய்க்கலாம், சோப்பைவிடக் கேட்கும்.

இவ்வளவும் முடித்து, மினுங்குகிற செயினை அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் இரும்பு ஸ்கேலை வைத்தார். புதுச் செயினில் 12 அங்குலத்துக்குச் சரியாக ஒரு பின் வந்து நிற்கும். என் செயினில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றது, அவ்வளவு தேய்ந்திருந்தது. “நல்லாத்தான் கழுவியிருக்க. மாத்திரு” என்றார். அளந்துவிட்டுக் கழுவ உட்கார்ந்திருக்கலாம்.

மிச்ச டர்பன்டைனை வாறுகாலில் ஊற்ற மனசு வரவில்லை. இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும், தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். கசடைத் தெரிந்த டூ வீலர் ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயில் டின்னில் சேர்த்துவிடுகிறேன். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் குப்பைக்கு.

தெளிந்ததை ஊற்றிவைக்கக் கைக்குக் கிடைத்தது ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில். லீவுக்கு வந்திருந்த அக்கா மகள், மூன்று வயது, அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து “மாமா, திற” என்றாள். என் கை நடுங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வகையைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, எடுக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அன்றே தகர டின்னுக்கு மாற்றி, மார்க்கரில் பெரிதாக ஒரு மண்டையோடு வரைந்தேன். அவள் அதைப் பார்த்து, “ஐ, பொம்மை!” என்றாள். சாயங்காலம் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன்.