தென்னைல அடிபட்ட ட்ரோனும் ரீப்பர் கட்டையும்

பாபநாசம் பக்கம் ஆனி மாசக் காத்து எப்படினு தெரியும்ல, அதுல போய் ட்ரோன் பறக்க விட்டது என் தப்புதான். அப்படியே இழுத்துட்டுப் போயி தென்ன மட்டைல அடிச்சு, பரம்படிச்சு வெச்சிருந்த வயல்ல தலைகீழா சொருகிடுச்சு. ஓடிப்போயி மொத பாட்டரிய புடுங்குனேன்.

கார்பன் ஃப்ரேம்ல மோட்டார தாங்கற கை ரெண்டு போச்சு. நாலு கையும் ஒரே தகடா வர்ற மாடல், கைய மட்டும் மாத்த வழியில்ல. "அரிசி மூட்டைக்குள்ள போட்டு வைடா"ன்னாரு பெரியப்பா. நம்ம ஊர்ல அரிசிக்கா பஞ்சம், ஆனா அரிசி களிமண்ண எடுக்காதே. நல்ல தண்ணில அலசி, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, ரெண்டு நாள் காய வெச்சேன்.

புது ஃப்ரேம் வாங்காம ஆசாரிகிட்ட போனேன். நடுவுல ப்ளைவுட், கைக்கு ரீப்பர் கட்டைய 12 எம்எம்முக்கு இழைச்சுக் குடுத்தாரு. "இது எத்தன கிலோ தம்பி தூக்கணும்?"னு அவர் கேட்டப்ப, இது தன்னைத் தானே தூக்குனா போதும்னு சொன்னேன். கார்பன் கரண்ட்ட கடத்தும், மரத்துல அந்தத் தொல்லை இல்ல, அது ஒரு லாபம். கை நீளமானதால 7 இன்ச் இறக்கை போட ஆச, ஆனா என்னோடது 2400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல எத்தன சுத்துங்கற கணக்கு) வேக மோட்டார், அது பெரிய இறக்கைய சுத்துனா ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற போர்டு) புகைஞ்சிடும்னு பழைய 5 இன்ச்சே போட்டேன்.

கை நீண்டா ஒயர் பத்தாதுல்ல. 4 மோட்டாருக்கு மூணு மூணு ஒயர், ஆக 12 ஒயர், எல்லாம் நானே பத்த வெச்சேன். நேரா பாட்டரிய மாட்ட பயம், அதனால பைக்கோட பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்ப பாட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவுல சீரிஸ்ல போட்டேன். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகறப்ப ஒரு தடவ பளிச்சுனு எரிஞ்சு அணையணும். எனக்கு அணையவே இல்ல. ஷார்ட்டு. சேறுதான்னு நெனச்சு திரும்பத் தேச்சேன், கடைசில பாத்தா நான் ஒயர் சீவினப்ப உதிர்ந்த ஒத்த செம்பு இழை ஈஎஸ்சிக்கு அடில ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல படுத்துக் கெடக்கு. ஊசியால தள்ளுனதும் பல்பு அணைஞ்சுச்சு. அப்புறம் ஒரு மோட்டார் துடிக்குது, சுத்தல, அதோட மூணு ஒயர்ல ஒண்ணுல ஈயம் ஒழுங்கா புடிக்கல. அதையும் திரும்ப வெச்சேன்.

யூஎஸ்பி ஓட்டைக்கு கட்டை இடிச்சதால போர்டு அடுக்க மொத்தமா 90 டிகிரி திருப்பி வெச்சிருந்தேன். பீட்டாஃப்ளைட்ல, அதான் ட்ரோன செட் பண்ற சாஃப்ட்வேர்ல, மோட்டார் வரிசைய மட்டும் மாத்துனேன், பின் வலது 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. போர்டு திரும்பியிருக்குனு அதுகிட்ட சொல்ல மறந்துட்டேன். களத்துல வெச்சு த்ராட்டில் குடுத்தா தவளை மாதிரி தாவி குப்புற விழுந்துச்சு, ஒரு இறக்கை காலி. போர்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்குனு சொல்ற யா (yaw) கட்டத்துல 90 போட்டு, கைல சாய்ச்சா ஸ்க்ரீன்ல இருக்கற படமும் அதே பக்கம் சாயுதானு பாத்துட்டு (இத முன்னாடியே பாத்திருக்கணும்) மறுபடி ஏத்துனேன். நின்னுச்சு! கனம் கூடுனதால த்ராட்டில் முன்ன விட அதிகமா கேக்குது, ஆனா நின்னுச்சு.

பெரியப்பா அண்ணாந்து பாத்துட்டு, "இது வயலுக்கு மருந்து அடிக்குமாடா?"ன்னாரு. அடிக்காதுன்னேன். "பின்ன எதுக்கு?"னு துண்ட உதறிட்டுப் போயிட்டாரு.

திரும்ப சேத்துல விழுந்தா என்ன பண்றதுனு போர்டுக்கு நெயில் பாலிஷ் பூசிட்டேன், யூஎஸ்பி, பாரோமீட்டர் (காத்தழுத்தத்த வெச்சு உயரம் பாக்கற சென்சார்) ஓட்டை ரெண்டையும் மட்டும் விட்டுட்டு. ட்ரான்ஸ்பரன்ட் கலர். பாட்டில் காலினு அக்காவுக்கு இன்னும் தெரியாது.