மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது?

"மாற்றம் ஒன்றே மாறாதது" என்ற வாசகத்தை அதிகம் உச்சரிப்பவர்கள், பேசப்படும் மாற்றத்தால் தாம் எதையும் இழக்கப்போவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் என்பது என் நெடுநாளைய ஐயம். புதியதை மறுப்பவரை அறியாதவர், சோம்பேறி, பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இலங்கையில் நாம் கடந்துவந்த 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலே அந்த விளக்கம் போதாது என்பது தெரியும்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். மண்ணையும் விளைச்சலையும் அறிந்த அவர்களுடைய எச்சரிக்கையை, பழக்கத்தை விட மனமில்லாதவர்களின் முணுமுணுப்பாகவே கொழும்பில் பலர் கருதினோம். அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் தடையிலிருந்து பின்வாங்கியது. அதற்குள் பெரும்போகம் என்னும் முக்கிய நெற்பருவம் தொடங்கிவிட்டிருந்ததால் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அடுத்த ஆண்டு யூலையில், கடும் தட்டுப்பாட்டின் நடுவே எரிபொருளைப் பங்கிட்டு வழங்கக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோதோ நிலைமை நேர்மாறாக இருந்தது. திறன்பேசியைத் தொட்டுப் பழகாத முதியவர்கள்கூடப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு பதிவுசெய்து, குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு எரிபொருள் நிலையங்களுக்கு வந்தார்கள். பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்தவருக்குப் பழைய முறையில் இழப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பதால் வரும் வலியே மனிதருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்று காட்டியது. மாற்றத்தால் வரும் நன்மை நாளைக்கு, எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. இழப்போ இன்றைக்கு, குறிப்பிட்ட ஒருவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

வசதி படைத்தவர்களும் இதற்கு விலக்கல்லர். இலங்கை கோப்பித் தோட்டங்களை நம்பியிருந்த காலத்தில், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. எனினும் சந்தையில் நல்ல விலை கிடைத்ததால், கோப்பியில் முதலைப் போட்டிருந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் புதிய நிலங்களில் கோப்பியையே நட்டார்கள். தேயிலை இறுதியில் வென்றது, நாட்டின் பொருளாதாரமும் அதில் நிமிர்ந்தது. ஆனால் கோப்பி அறுவடைக் காலத்துக்கு வந்து தென்னிந்தியாவிலுள்ள தம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளருக்கு, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை, லயன் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பின் அறைகளில் நிரந்தர வாழ்வையே விதித்தது. அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்டதில்லை என்பதால், எங்கள் வரலாற்று நூல்களில் அந்த மாற்றம் எதிர்ப்பே இல்லாமல் நடந்ததுபோல் தோன்றுகிறது.

கொழும்பு புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகளில் இதன் சிறிய வடிவத்தை இன்றும் காணலாம். எந்த ஊர் வியாபாரிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் தைப்பொங்கலுக்கு முன் கட்டுவார், யாரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும் என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் தலைக்குள் இருக்கும். முதலாளியே அவரிடம் கேட்டுத்தான் முடிவெடுப்பார். கணினி வந்தால் வேலை விரைவாகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதன்பின் தாம் அந்தக் கடையில் யார் என்ற கேள்விக்கு அவரிடம் எவரும் பதில் சொல்வதில்லை. அவர் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதாக முதலாளிமார் சலித்துக்கொள்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்கப்படுவது மென்பொருளில் அன்று என்பதே என் எண்ணம்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில், பழைய கடன் கொப்பிகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை முதலாளி கணக்கப்பிள்ளையிடமே ஒப்படைத்தார். ஒரே பெயருடைய இரண்டு வியாபாரிகளின் கடனை, கணினியில் தட்டச்சுச் செய்த இளைஞர்கள் ஒரே கணக்கில் சேர்த்திருந்ததைப் பிடித்தவர் அவர்தான். இப்போது பட்டியலில் ஒரு சதம் பிழைத்தாலும் மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிப்பவரும் அவர்தான்.