சனிக்கிழமைத் திண்டு

ஜூன் 7, 2025, சனி

லேஸ் பின்ன மூன்று மணி என்று சொன்னால் மூன்றரைக்குத்தான் கூடுவோம். இன்று சாரல் வேறு. டீச்சர் அக்கா வீட்டு வராந்தாவில் ஏழு பேரில் ஐந்து பேர்தான் வந்திருந்தோம். மயினி (எங்கள் பேச்சில் அண்ணி) குடையை மடக்கும்போதே, "பிள்ளே, என் திண்டுல ஊசி நிக்கமாட்டேங்கு" என்றாள்.

லேஸ் பின்னும் திண்டு கல் மாதிரி இருக்க வேண்டும். மயினி மெத்தைக் கடையில் கொடுத்து இலவம்பஞ்சு அடைத்து வாங்கியிருக்கிறாள். பார்க்க அழகுதான். ஆனால் நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் இருபத்து நான்கும் தொங்கி இழுக்கும்போது குண்டூசி ஒவ்வொன்றும் தலை சாய்த்துக்கொள்கிறது. மூத்த மாமி பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். "படுக்கதுக்குக் கொள்ளாம்."

அங்கேயே பிரித்தோம். மரமில்லில் வாங்கிய மரத்தூளைப் பழைய கம்பளித் துண்டில் சுற்றி, உறைக்குள் திணித்து, சப்பாத்திக் கட்டையால் அடித்து இறுக்கினோம். ஒன்றரை மணி நேரம் போயிற்று. பின்னியது பூஜ்யம். டீயில் மிதந்த பஞ்சை எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குடித்திருப்போம்.

ஜூன் 21, சனி

இந்த வேலையில் இரண்டே அசைவுதான் என்று மாமி முதல் நாள் சொன்னபோது நான் நம்பவில்லை. நான்கு கட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டில் இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. இரண்டு ஓரத்து ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணி நெய்தது போல அடர்ந்து வரும். குறுக்கு, முறுக்கோடு நிறுத்திக்கொண்டே போனால் சல்லடை. திண்டின் மேல் வைத்த மாதிரி அட்டையில் குத்திவைத்திருக்கும் புள்ளி வந்ததும் ஒரு ஊசி. விசிறி, சிலந்தி, வளைவு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

நான் இடதுகைக்காரி. முறுக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டே எட்டு ஊசி தூரம் போய்விட்டேன். மாமிக்குக் கண்புரை, ஒரு கண்ணில் அறுவை முடிந்தது, இன்னொன்று பாக்கி. கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தடவித்தான் சொன்னாள்: "இதுல சுழி மாறிக் கெடக்கு." எட்டும் பிரித்தேன். முப்பத்தோரு வருஷம் வங்கிக் கவுன்டரில் இருந்தவளுக்கு ஒரு ரூபாய் இடிக்கும் கணக்கைத் தேடிய ராத்திரிகள் ஞாபகம் வந்தன.

மாமி லேஸ் என்று சொல்வதே இல்லை, 'ரேந்தை'தான். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் என்று டீச்சர் அக்கா சொன்னார். அவர்கள் மொழியில் ரெந்தா. அலமாரி, ஜன்னல், சாவி கூட அப்படி வந்தவைதானாம். வீட்டைப் பூட்டும் சாமான் எல்லாம் அவர்கள் தந்ததா என்று மயினி கேட்டாள்.

ஜூலை 5, சனி

முதல் ஆர்டர்! டீச்சர் அக்காவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம், செப்டம்பர் நடுவில். பெண் கையில் பிடிக்கும் கைக்குட்டைக்கு நாலு பக்கமும் கரை வேண்டும். பக்கத்துக்குப் பத்து அங்குலம், ஆக நாற்பது அங்குலமும் நாலு மூலையும். பன்னிரண்டு ஜோடி, விசிறி ஓரம்.

சந்தோஷத்தில் விலை பேச மறந்தோம். அதாவது நாங்கள் மறந்தோம். மாமி மட்டும் "எவ்வளவு தருவாவளாம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். "சொந்தக்காரங்கதானே மாமி" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது.

நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். யார், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம். பழக்கதோஷம்.

ஜூலை 12, சனி

இரும்பு ஊசி. மழைக்காலம். கைவியர்வை. மூன்றும் சேர்ந்து முதல் இரண்டு அங்குலத்தில் ஐந்து துருப்புள்ளி. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போடு என்றார்கள். வெயிலுக்கு எங்கே போக? வெட்டி எறிந்துவிட்டு, பித்தளை ஊசி வாங்கி மறுபடி தொடக்கம்.

ஜூலை 26, சனி

இன்று வேலை குறைவு, பேச்சு அதிகம்.

டீச்சர் அக்கா ரிட்டயர்ட் ஆன வரலாற்று ஆசிரியை. தேதியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். 1859, இதே ஜூலை 26. நாடார் பெண்கள் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு விட்ட நாள். அதிலும் ஒரு கொக்கி: குப்பாயம் என்கிற சட்டை போடலாம், முரட்டுத் துணி போர்த்தலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக்கூடாது. தோள்சீலைக் கலவரம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அந்தத் தேதியை லேஸ் திண்டுக்குப் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததில்லை.

லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் எங்கள் நாகர்கோவிலுக்கு வந்தது 1819 கடைசியில். பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் அந்தம்மாள் கற்றுக்கொடுத்தாள். பத்து வருஷம் முன்னால்தான், 1809இல், ஜான் ஹீத்கோட் வலைத்துணி பின்னும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் உரிமம் வாங்கியிருக்கிறார். சீமையில் இயந்திரம் கைவேலையை விழுங்க ஆரம்பித்த நேரத்தில் இங்கே கைகள் பழக ஆரம்பித்திருக்கின்றன. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் கைமுனைக்கும் அலங்காரக் கரை பின்னிய பெண்கள் தங்கள் தோளை மூடுவதற்கு ஊரில் அடி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

நான் உச்சுக்கொட்டினேன். டீச்சர் அக்கா விடவில்லை. "பாவம்னு மட்டும் பாக்காத. திருவிதாங்கூர்ல அடிமை முறைய ஒழிச்சது 1855லதான். அதுக்கு முன்னாலயே, பின்னின கூலியச் சேத்துவச்சு, தன் விலையத் தானே கட்டி விடுதலை வாங்கின பொண்ணுங்க உண்டு."

இவ்வளவு நேரம் கட்டையை உருட்டிக்கொண்டிருந்த மாமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பின்னே? சும்மாவா பின்னுனாளுவோ?"

மாமி பன்னிரண்டு வயதில் திண்டைத் தொட்டவள். வாரம் ஒரு நாள் ஏஜென்ட் வருவானாம், டேப்பால் அளப்பானாம், அளக்கும்போது இழுத்துப் பிடிக்காமல் தொளதொளவென்று விடுவானாம். அதில் ஓர் அங்குலம் குறையும். "அந்த ஒரு அங்குலம் எனக்கு ஒரு ராத்திரி." வீட்டில் அவள் பின்னியது ஒரு சாண்கூட இல்லை. வைத்துக்கொள்ள ஆசை இல்லையா என்று கேட்டேன். "துவைச்சுக் கஞ்சி போட்டு ஊசி குத்திக் காயவைக்க ஆரு இருக்கா? எனக்குக் காசுதான் வேணும்."

ஆகஸ்ட் 2, சனி

பஞ்சாயத்து. பெண்ணின் அம்மா போனில் சொன்ன தொகை எண்ணூறு. வடசேரிக் கடையில் மீட்டர் நாற்பது ரூபாய்க்கு லேஸ் கிடைக்கு, நாங்க கூட்டித்தான் தாறோம் என்றார்களாம். டீச்சர் அக்காவின் முகம் வாடிவிட்டது. நடுவில் அவர்தானே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

மயினி கலைவேலைக்கு விலை போடக்கூடாது என்றாள். போன மாதம்வரை நானும் அந்தக் கட்சிதான். மாமி கட்டைகளை ஒதுக்கி, துணியைப் போட்டு மூடினாள். "மணிக்கு நூறு. கொத்தனாருக்குக் கையாளா போனா இதவிடக் கூடக் கிடைக்கும். வேண்டாம்னா விடு, திண்டு நம்மகிட்டதான இருக்கு." ஓட்டெடுப்பெல்லாம் இல்லை. நூறு என்று நோட்டில் எழுதினேன்.

ஆகஸ்ட் 9, சனி

திண்டு வாரத்துக்கு ஒரு வீடாக ஆட்டோவில் போகிறது, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து. மூன்று பேர் மாறி மாறிப் பின்னுகிறோம். நூல் இழுக்கும் பலம் ஆளுக்கு ஆள் வேறு. மாமியின் விசிறிகள் விறைப்பாக நிற்கின்றன, மயினியின்வை கொஞ்சம் அகலம், என்னுடையவை தூங்குமூஞ்சி. மாமி என் பகுதியில் மூன்று அங்குலத்தைப் பிரித்தாள். பின்ன மூன்று மணி நேரம் ஆனது. அரை மணியில் காணாமல் போயிற்று.

ஆகஸ்ட் 16, சனி

திண்டுக்கு விடுமுறை. வேன் பிடித்து இடையன்குடி போனோம். அஞ்சுகிராமம், கூடங்குளம், உவரி வழி. தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் வந்ததும் மாமி ஜன்னல் பக்கம் இடம் மாறிக்கொண்டாள்.

கால்டுவெல் ஊர் என்றுதான் எல்லாரும் வருவார்கள். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், அவர் பல வருஷம் நின்று கட்டி 1880இல் திறந்த கிறிஸ்தவக் கோயில். நாங்கள் போனது எலைசாவுக்காக. மால்ட் தம்பதியின் மகள், 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவள், எங்கள் ஊர்க்காரி! தமிழ் நன்றாகத் தெரியும். 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, தாய் வீட்டு லேஸை இங்கேயும் பழக்கினாள். மற்றவர்கள் சீதனமாகப் பண்ட பாத்திரம் கொண்டுபோவார்கள், இவள் திண்டும் கட்டையும் கொண்டுவந்தாளோ என்று மயினி சிரித்தாள். புருஷனும் மனைவியும் கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர் 1891இல், இவள் 1899இல்.

கோயிலுக்குள் மாமி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். கல்வேலையில் லேஸ் தெரிகிறதோ என்று நினைத்தேன். கேட்டால், "இந்த உசரத்துக்கு ஒட்டடை எப்பிடி அடிப்பாவோ?"

திரும்பும்போது உவரியில் மீன் சாப்பாடு. அதைப் பற்றி எழுதினால் லேஸைப் பற்றி எழுத மனது வராது.

ஆகஸ்ட் 30, சனி

முடிந்தது. நாலாம் மூலை திரும்பித் தொடக்கத்தோடு சேர்கிற இடம்தான் பெரும்பாடு. ஒவ்வொரு நூலையும் முதல் வரிசைக் கண்ணிக்குள் கொக்கி ஊசியால் இழுத்து, முடிச்சுப் போட்டு, வெட்ட வேண்டும். இருபத்து நான்கு நூல், பன்னிரண்டு முடிச்சு. மயினி மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். கடைசி ஊசியைப் பிடுங்கியதும் கரை தானாக எழும்பி நின்றது.

நோட்டுக் கணக்கு: மாமி 17 மணி, மயினி 15, நான் 9. மொத்தம் 41. நாலாயிரத்து நூறு ரூபாய். டீச்சர் அக்கா போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

செப்டம்பர் 6, சனி

நேற்று திருவோணம். பக்கத்து வீட்டு வாசலில் அத்தப்பூ வாடிக் கிடக்கிறது. தோவாளைப் பூச்சந்தையில் பூ விற்ற விலையைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு.

பெண்ணின் அம்மா ஆயிரத்துக்கு மேல் ஏறவே இல்லை. வியாழக்கிழமை ராத்திரி கல்யாணப் பெண்ணே சென்னையிலிருந்து டீச்சர் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். கரையின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். முழுப் பணமும் ஜீபேயில் வந்துவிட்டது. "அம்மைட்ட ஆயிரம்னே சொல்லுங்க அத்தை" என்று கெஞ்சல் வேறு.

மாமிக்கு ஜீபே கணக்கில் வராது. ஏடிஎம்மில் எடுத்து வந்து வராந்தாவில் பிரித்தேன். மாமிக்கு ஆயிரத்து எழுநூறு, மயினிக்கு ஆயிரத்து ஐந்நூறு, எனக்குத் தொள்ளாயிரம். நூல் வாங்கிய நூற்று இருபதை எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. சொல்லவில்லை.

மாமி எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, முந்தியில் முடிந்தாள். பிறகு கேட்டாள்: "உன் மூணு அங்குலத்த நான் பிரிச்சேனே, அந்த அரை மணி எழுதினியா?"

நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் 9. எழுதவில்லை. அந்த மூன்று அங்குலத்தைப் பின்னிய என்னுடைய மூன்று மணி நேரம் மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தது.

ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்து, அதையும் சேர்த்து, மறுபடி முடிந்தாள்.