ஏணைக்கும் நுளம்பு வலைக்கும் பொருந்தும் குழந்தைக் கமெரா

குழந்தையைப் பார்க்கும் கமெரா இரண்டு வகை. ஒன்று வைஃபையில் ஓடி கைபேசியில் படம் காட்டும். மற்றது 2.4 கிகாஹேர்ட்ஸில் தன் சொந்தத் திரையோடு நேரே பேசும், இணையம் தேவையில்லை. மாரியில் கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும் என்பதால், திருகோணமலை வீடுகளுக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆனால் திரையில் மட்டுமல்ல, கமெராவிலும் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். பலதில் இராது. சிக்னல் எட்டும் தூரமென்று பெட்டியில் போட்டிருக்கும் 300 மீற்றர் வெட்டவெளிக் கணக்கு. இரண்டு கல்சுவர் தாண்டினாலே வெகுவாகக் குறையும்.

இரவில்தான் பெரிய சிக்கல். கமெராவின் அகச்சிவப்பு ஒளி நுளம்பு வலையில் பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வலைக்கு வெளியே வைப்பதென்றால் சற்றுச் சரிவாக, பக்கத்திலிருந்து பார்க்கும்படி பூட்டுங்கள். ஏணையில் படுக்கும் பிள்ளையைப் பக்கச் சுவரிலிருந்து காணவே முடியாது, துணி மறைக்கும். உயரத்தில் பூட்டிக் கீழ்நோக்கித் திருப்பவேண்டும், அதுவும் ஏணைக்கு நேர்மேலே அல்ல.

வயர் குழந்தையின் கைக்கு எட்டாமல் குறைந்தது 1 மீற்றர் தள்ளி, சுவரோடு ஒட்டி ஓடவேண்டும். கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்மையானது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சத்தம் கேட்டால் மட்டும் திரை விழிக்கும் வசதியை, காற்றாடி ஓடும்போது சோதியுங்கள். அந்த இரைச்சலே திரையை விடியவிடிய விழிக்கவைக்கலாம். வைஃபை வகையே வாங்கினால் முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் சார்ஜ் முனைகளில் உப்புக்காற்றால் பச்சை பிடிக்கும், உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள்.